தூளியை அவிழ்க்கும் நாள்

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி, முருகனைக் கண்குளிரத் தரிசித்துவிட்டு இறங்கியவர்கள் நேரே ரயிலைப் பிடித்து ஊர் திரும்புவதுதான் வழக்கம். நான் அப்படிச் செய்யவில்லை. பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். தறிச் சத்தம்தான் அந்த ஊரில் விருந்தாளியை முதலில் வரவேற்கிறது. தெருவிலே தமிழும் தெலுங்கும் கைகோத்துக்கொண்டு நடக்கின்றன. இருக்காதா பின்னே? 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு மாறியது. எல்லைக்கோடு ஒரே நாளில் மாறிவிட்டது. நாக்கு அவ்வளவு சீக்கிரம் மாறிவிடுமா?

நான் போன வீட்டிலும் அன்றைக்கு ஓர் எல்லை மாறிக்கொண்டிருந்தது. முன் அறையில் தறி. பின் அறையில் உத்தரத்திலிருந்து தொங்கும் தூளி. தூளிக்குச் சொந்தக்காரர் இரண்டு வயதை எட்டிப் பிடிக்கும் ஒரு சுட்டிப் பயல். முதல் நாள் இரவு அவன் தூளியின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று, ஒரு காலை வெளியே போட்டானாம். அடுத்த காலைப் போடுவதற்குள் தரையில் விழுந்துவிட்டான். நல்ல காலம், கீழே பாய் விரித்திருந்தது. நெற்றியில் எலுமிச்சங்காய் அளவு வீக்கத்தோடு தப்பித்தான்.

"இனிமேல் இவனை எங்கே படுக்க வைக்கிறதுன்னே தெரியலைங்க அக்கா" என்றாள் அவனைப் பெற்றவள்.

"இதுல தெரியாம போறதுக்கு இன்னா இருக்குது? பாயைப் போடு, பக்கத்துல படு. எங்க காலத்துல கட்டிலு ஏது, ரூமு ஏது?" என்றார் மாமியார்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருவரும் கவனிக்காத ஒன்றும் அந்த அறையில் இருந்தது. அதைச் சொல்லுமுன் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

நானும் பிள்ளை பெற்றவள்தான். என் மகளைக் கம்பித் தொட்டிலிலிருந்து பெரிய கட்டிலுக்கு மாற்றிய முதல் இரவு, ஏதோ பெரிய சாதனை செய்துவிட்ட நினைப்பில் அயர்ந்து தூங்கிவிட்டேன். நடுநிசியில் விழித்துப் பார்த்தால் கட்டிலில் குழந்தை இல்லை. விளக்கைப் போட்டேன். அறையிலும் இல்லை. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. தண்ணீர் நிறைந்த வாளியின் பக்கத்தில், நுனிக்காலில் நின்றுகொண்டு, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என் கண்மணி! இன்னும் ஒரு நிமிஷம் நான் தூங்கியிருந்தால்... அந்த வாக்கியத்தை இன்றுவரை என்னால் முடிக்க முடியவில்லை.

அந்த இரவு எனக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. தொட்டிலிலே இருக்கும்வரை குழந்தைக்குத் தொட்டில்தான் உலகம். தொட்டிலை விட்டு இறங்கிய அன்றிரவு முதல் அந்த அறை முழுவதுமே அதன் தொட்டில் ஆகிவிடுகிறது. ஆகவே நாம் பத்திரப்படுத்த வேண்டியது அறை முழுவதையும்தான்.

எப்போது மாற்றுவது?

"பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றரை வயதிலேயே கட்டிலில் படுக்கிறதே!" என்று போட்டி போட வேண்டாம், சகோதரிகளே. ஒன்றரை வயது முதல் மூன்றரை வயதுவரை எப்போது வேண்டுமானாலும் இந்த மாற்றம் நிகழலாம். நாள் குறிப்பது பஞ்சாங்கமல்ல, குழந்தையின் கால்தான். கம்பியின்மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுவிட்டால் காலம் வந்துவிட்டது என்று பொருள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இதற்கு ஓர் அளவும் சொல்லியிருக்கிறது. குழந்தை 35 அங்குல உயரம் வளர்ந்ததும் தொட்டிலை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. புடவைச் சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள் என்று சொல்லமாட்டேன். வீட்டுச் சுவரில் போட்டு வையுங்கள்!

துணித் தூளிக்கு இந்தக் கணக்குப் போதாது. தூளிக்குள் குழந்தை தானே புரண்டு எழுந்து உட்காரத் தொடங்கிவிட்டாலே யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கம்பித் தொட்டிலுக்குப் பக்கச் சுவராவது உண்டு. தூளிக்கு அதுவும் இல்லை.

இன்னொன்று. வீட்டில் அடுத்த பிரசவம் எதிர்பார்த்திருந்தால், புதுக் குழந்தை வந்த அன்றே மூத்ததைத் தொட்டிலிலிருந்து இறக்கிவிடாதீர்கள். "என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டது இந்தப் பாப்பாதான்" என்று அந்தச் சின்ன மனம் கணக்குப் போட்டுவிடும். இரண்டு மாதம் முன்னதாகவே மாற்றிவிடலாம். அல்லது பிரசவ சந்தடி அடங்கிய பிறகு மாற்றலாம். பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறவர்கள், அந்த வீட்டு அறையையும் இதே கண்ணோடு ஒரு முறை பார்க்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு உறவினர் வீட்டில் தங்கும்போதும் அப்படியே. பாட்டி வீடுகளில் பாசம் நிறைய உண்டு. எட்டிய உயரத்தில் மாத்திரை டப்பாக்களும் நிறைய உண்டு.

காலித் தூளி

பொதட்டூர்பேட்டை அறையில் நான் கண்டதை இப்போது சொல்கிறேன். பயல் தரைக்கு வந்துவிட்டான். தூளி மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவனுடைய அக்கா, ஏழு வயதுச் சிறுமி, உட்கார்ந்து ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தாள். துணி முறுக்கேறுகிறது, கை விட்டதும் விர்ரென்று அவிழ்கிறது. ஒரே கும்மாளம்! பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை.

எனக்கு அடிவயிறு கலங்கியது. இப்படி முறுக்கும்போது துணி கழுத்தைச் சுற்றிக்கொண்டு, சின்னஞ்சிறுசுகளின் உயிர் போன சம்பவங்கள் நம் தமிழ்நாட்டிலேயே பல முறை பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. மருத்துவ ஏடுகளிலும் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் கைக்குழந்தைகள் அல்ல. தூளியை ஊஞ்சலாக்கி விளையாடிய ஏழு, எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள். கழுத்து இறுகிய குழந்தைக்குக் கூச்சல் போடக்கூட மூச்சு இராது. அடுத்த அறையில் அம்மா சமைத்துக்கொண்டிருந்தாலும் காதில் ஒன்றும் விழாது.

விஷயத்தைச் சொன்னேன். மாமியார் சட்டென்று எழுந்து பேத்தியை இறக்கிவிட்டார். "காலித் தூளியை ஆட்டக் கூடாதுன்னு எங்க ஆயா சொல்லுவாங்க. ஆட்டினா பிள்ளைக்கு வயிறு வலிக்குமாம்" என்றார்.

வயிற்று வலி வருகிறதோ இல்லையோ, அந்தக் கிழவியின் சொல்லில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. காலித் தூளியின் பக்கம் பிள்ளைகள் போகாமல் இருந்ததற்கு அந்தப் பயம் ஒரு காவலாக இருந்திருக்கும். நாம் அதைவிட ஒரு படி மேலே போவோம். குழந்தை தூளியில் இல்லாத நேரத்தில் தூளியே தொங்க வேண்டாம். மேலே தூக்கி முடிந்துவிடுங்கள். குழந்தை தரைக்கு வந்துவிட்டால் துணியையும் கயிற்றையும் அன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். திரைச்சீலைக் கயிறு, ஜன்னல் மறைப்பின் இழுப்புக் கயிறு, கொடிக்கயிறு ஆகியவற்றுக்கும் இதே சட்டம்தான். படுக்கைக்குப் பக்கத்தில் தொங்கும் கயிறு எதுவும் கூடாது.

தரையா, கட்டிலா?

மாமியாரின் பாய் யோசனையைக் கேட்டதும் எனக்கு ஓர் அம்மையாரின் நினைவு வந்தது. இத்தாலியக் கல்வி மேதை மரியா மாண்டிசோரிதான் அவர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபையின் தோட்டத்தில் நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கும்படி ஆயிற்று. கம்பித் தொட்டிலைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. குழந்தைக்குத் தூக்கம் வந்தால் தானே போய்ப் படுக்கவும், விழித்தால் தானே எழுந்து வரவும் வசதியாக, தரையை ஒட்டிய தாழ்வான படுக்கை வேண்டும் என்று எழுதினார். அவர் சொன்னதும் நம் பாட்டிமார்களின் பாயும் ஏறக்குறைய ஒன்றுதானே!

தரையில் படுத்த பிள்ளை தரைக்குக் கீழே விழாது. பாய் அல்லது மெல்லிய மெத்தை, அதன் இரு பக்கமும் மடித்த ஜமுக்காளம். இவ்வளவு போதும்.

ஆனால் தரைப் படுக்கைக்கு ஒரு காவல் அவசியம் வேண்டும். தோட்டம், வயல், காலி மனை பக்கத்தில் இருக்கும் வீடுகளில் தேளும் பூரானும் வரும், பாம்பும் வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமலே போகலாம். இதற்குச் சுலபமான தடுப்பு கொசுவலை. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட வேண்டும். வலைக்குள் தூங்குவது பாம்புக் கடியையும் குறைக்கிறது என்று தென்கிழக்கு நேபாளத்தில் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டிருக்கிறார்கள். கொசுவுக்குக் கட்டிய வலை பாம்புக்கும் வேலியாகிறது!

கட்டில்தான் வேண்டும் என்பவர்கள் உயரம் குறைந்த கட்டிலாகப் பாருங்கள். சுவரோடு ஒட்டிப் போட்டால் இடைவெளியே இல்லாமல் ஒட்டுங்கள். இல்லையென்றால் நன்றாக விலக்கிப் போடுங்கள். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே கையகல இடைவெளி விட்டால் குழந்தை அதில் சரிந்து சிக்கிக்கொள்ளும். கடையில் விற்கும் பக்கத் தடுப்புச் சட்டங்கள் இரண்டு வயதுக்கு மேற்பட்ட, தானே ஏறி இறங்கத் தெரிந்த குழந்தைகளுக்குத்தான். அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளை அதற்கும் மெத்தைக்கும் இடையில் மாட்டிக்கொள்ளக்கூடும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரட்டைக் கட்டிலின் மேல்தட்டு ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆகாது.

தவழ்ந்து பாருங்கள்!

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த அறையில் தவழுங்கள். சிரிக்காதீர்கள்! நின்றபடி பார்த்தால் தெரியாத அபாயமெல்லாம் இரண்டடி உயரத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

முதலில் கண்ணுக்கு எதிரே வருவது மின்சார பிளக். தாழ்வாக இருக்கும் துளைகளுக்கு மூடி போடுங்கள். செல்போனைக் கழற்றிய பிறகும் சார்ஜர் ஒயர் சுவரிலேயே தொங்குகிறதா? அதன் நுனி நேரே குழந்தையின் வாய்க்குத்தான் போகும். சுவிட்சை அணைத்துக் கழற்றி வையுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் காவல் கருவி உங்கள் வீட்டு மெயின் பெட்டியில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். உயிர் காக்கும் கருவி அது.

அடுத்தது கொசு மருந்துக் குப்பி. பிளக்கில் செருகும் அந்தக் குப்பியைக் கழற்றி வாயில் கவிழ்த்துக்கொண்ட பிள்ளைகள் பலர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். உயரத்துப் பிளக்கில் மட்டும் பொருத்துங்கள். பூஜை சாமான் அந்த அறையில் இருந்தால் கற்பூரத்தை எடுத்துப் பூட்டி வையுங்கள். கல்கண்டு என்று நினைத்துக் கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வந்துவிடும். துணி அடுக்கில் போடும் பாச்சை உருண்டையும் விஷம்தான்.

தலையணைக்கு அடியில் பாருங்கள். அங்கேதான் தாத்தாவின் சர்க்கரை மாத்திரை இருக்கும்! பெரியவரின் சர்க்கரையைக் குறைக்கும் ஒரே ஒரு மாத்திரை, சின்னக் குழந்தையின் சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடக்கூடும். "இங்கே வைக்காதீர்கள்" என்று மாமனாரிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால், மூடிப் பூட்டும் அழகான பெட்டி ஒன்றைப் பரிசாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள். காரியமும் ஆகும், மரியாதையும் குறையாது.

நாணயம், பொத்தான், வேர்க்கடலை எல்லாம் தொண்டையில் அடைக்கும் சாமான்கள். அவற்றிலும் கொடியது பட்டன் பேட்டரி. விளையாட்டுப் பொம்மை, ரிமோட், கைக்கடிகாரம் ஆகியவற்றில் இருக்கும் அந்த வட்டச் சில்லு உணவுக்குழலில் தங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே புண்ணாக்கிவிடும். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் தோன்றினாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், விடியட்டும் என்று காத்திராமல், எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனி எழுந்து உட்காருங்கள். எதிரே பீரோ இருக்கிறதா? குழந்தைக்கு இழுப்பறைகள் படிக்கட்டு. ஒவ்வொன்றாக இழுத்து ஏறினால் பீரோவே மேலே சாயும். இப்படிச் சாய்ந்து குழந்தைகள் இறந்ததால், 2016-இல் உலகப் புகழ்பெற்ற ஒரு மரச்சாமான் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. நமக்குச் செலவு சில ரூபாய்தான். ஓர் இரும்புக் கோணத்தை வைத்துத் திருகாணியால் பீரோவைச் சுவரோடு இறுக்கிவிடுங்கள். டெலிவிஷனுக்கும் அப்படியே. மேஜை விசிறியைத் தரையில் வைக்காதீர்கள்.

ஜன்னல் கம்பிகளுக்கு இடையே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. குறுக்குக் கம்பி போட்ட ஜன்னல் குழந்தைக்கு ஏணி. ஆகவே கட்டில், நாற்காலி, முக்காலி எதுவும் ஜன்னலுக்கு அடியில் வேண்டாம். மாடிக் குடித்தனக்காரர்கள் பால்கனிக் கதவின் மேல்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

தாழ்ப்பாள் என்றதும் நினைவு வருகிறது. அறையின் உள்பக்கத்துக் கீழ்த்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், அல்லது கம்பியால் கட்டிவிடுங்கள். குழந்தை உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு அழ, அம்மா வெளியே நின்று அழ, கடைசியில் தச்சர் வந்து கதவை உடைத்த கதை எந்தத் தெருவில்தான் இல்லை?

அறைக்கு வெளியே

என் கதை நடந்த இடத்துக்கு வருவோம். இரவு படுக்குமுன் வாளிகளையெல்லாம் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். தண்ணீர்ப் பஞ்சத்தால் சேமிக்கத்தான் வேண்டும் என்றால் இறுகும் மூடி போட்டு, குளியலறைக் கதவை மேலே தாழிடுங்கள். தலை கனமான குழந்தை குப்புற விழுந்தால் தானே நிமிர முடியாது. இரண்டு அங்குலத் தண்ணீரும் அதற்குச் சமுத்திரம்தான். வாளியில் போடும் வெந்நீர்க் கம்பியைக் குழந்தை நடமாடும் நேரத்தில் தொடவே தொடாதீர்கள். மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு வேண்டும்.

தறி வீடுகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். குழித்தறியின் குழிக்கு இரவில் பலகை மூடி போட வேண்டும். விசைத்தறியின் மோட்டார் சுவிட்சு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். சாயப் பொடியும் தார்க்குச்சியும் நூல் துண்டும் படுக்கை அறைக்குள் வரக்கூடாது. அந்த வீட்டில் தறிக்கும் படுக்கைக்கும் நடுவே கதவே இல்லை. மறு வாரமே ஒரு தடுப்பு செய்து மாட்டுவதாக அவள் கணவர் ஒப்புக்கொண்டார்.

முதல் பதினைந்து இரவுகள்

அறை தயார். குழந்தை தயாரா? முதல் சில நாட்கள் பகல் தூக்கத்தை மட்டும் புது இடத்தில் பழக்குங்கள். இரவில் மங்கலான சிறு விளக்கு எரியட்டும். குளியல், பால், கதை, தாலாட்டு என்று தினமும் ஒரே வரிசை இருக்கட்டும். எழுந்து எழுந்து வருகிறானா? அடிக்காதீர்கள், கோபிக்காதீர்கள், அதற்காக அரட்டை அடிக்கவும் வேண்டாம். கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் படுக்க வைத்துத் தட்டிக்கொடுங்கள். பத்து முறை வந்தால் பத்து முறையும் அப்படியே. ஓரிரு வாரத்தில் பழகிவிடும்.

இத்தனை செய்தும் விழுந்துவிட்டால்? அழுது ஓய்ந்து பழையபடி விளையாடினால் கவலை குறைவு. ஒரு நாள் கண்காணியுங்கள். மறுபடி மறுபடி வாந்தி, எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் அல்லது ரத்தம் கசிதல், இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதம் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

நான் புறப்படும் வேளை. மாமியார் முக்காலி போட்டு ஏறித் தூளிக் கயிற்றை அவிழ்த்தார். கீழே விழுந்த துணியை மருமகள் எடுத்து உதறினாள். வெளுத்துப்போன நூல் புடவை அது. மடித்துப் பெட்டியில் வைக்கப் போனவளை மாமியார் தடுத்தார்.

"உள்ளே வெக்காத கண்ணு. பாய் மேல விரி. அந்த வாசனை இருந்தாத்தான் அவன் தூங்குவான்."

விரித்தார்கள். பயல் தள்ளாடிக்கொண்டு வந்து, ஒரு நிமிஷம் முகர்ந்து பார்த்து, அதன்மேல் சுருண்டு படுத்துக்கொண்டான். தறி நின்றிருந்தது. வீடு அமைதியாக இருந்தது.

இன்றிரவு படுக்கப் போகுமுன் நீங்களும் உங்கள் வீட்டு அறையில் ஒரு முறை தவழ்ந்து பாருங்கள், சகோதரிகளே. பத்து நிமிஷ வேலைதான். அப்புறம் நிம்மதியாகத் தூங்கலாம், குழந்தையும் நீங்களும்.